முதல் ரேடியோ விமானம்: பெட்டியைப் பிரிப்பது முதல் மைதானம் வரை

என் முதல் ரேடியோ கண்ட்ரோல் விமானம் காற்றில் இருந்தது பதினோரு விநாடி. அதைக் கட்டி முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆகியிருந்தன. கிளம்பியது, மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்று, இடது பக்கம் சரிந்து தரையில் குத்தியது. காற்றின் மேல் பழி போட்டேன், விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் ரிசீவரின் மேலும் போட்டேன். வீட்டில் உட்கார்ந்து உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. முந்தின நாள் எடைச் சமன் பார்த்தபோது பேட்டரி இருந்த இடம் வேறு, மைதானத்தில் அவசரத்தில் நான் செருகிய இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் அகலம்தான்.

அதன் பிறகு கட்டியவற்றிலும் தப்புகள் செய்தேன். நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் மின் மோட்டாரில் பறக்கும், இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, நான்கு சேனல் (தனித்தனியே இயக்கும் நான்கு கட்டுப்பாடுகள்) பயிற்சி விமானத்துக்கு. எஞ்சின் விமானங்களின் கதை தனி.

1. வாங்கும் முன் பெட்டியின் மேல் உள்ள எழுத்துகளைப் படியுங்கள்

ஆர்.டி.எஃப். என்றால் ட்ரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து இயக்கும் கருவி), பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பி.என்.எஃப். என்றால் ரிசீவர் இருக்கும், ட்ரான்ஸ்மிட்டர் உங்களுடையது. பி.என்.பி. என்றால் மோட்டாரும் சர்வோக்களும் (இறக்கையிலும் வாலிலும் உள்ள பரப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) மாட்டியிருக்கும், ரிசீவரும் கிடையாது. ஏ.ஆர்.எஃப். என்றால் உடலும் இறக்கையும் தயார், பெரும்பாலும் மோட்டார், சர்வோ வரை நீங்களே வாங்கி மாட்ட வேண்டும். கிட் என்று போட்டிருந்தால் மரத்துண்டுகளும் வரைபடமும்தான் வரும். முதல் விமானத்துக்கு அது வேண்டாம்.

செலவில் எல்லோரும் ஏமாறும் இடமும் இதுதான். பி.என்.பி. விலையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கினேன். ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர், இரண்டு பேட்டரி, சார்ஜர், பசை, உபரி ப்ரொப்பல்லர் எல்லாம் சேர்ந்தபோது விமானத்தின் விலைக்கு மேலேயே ஆகிவிட்டது. கையில் இருக்கும் பணத்தில் பாதியை மட்டும் விமானத்துக்கு என்று ஒதுக்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்வதானால் ட்ரான்ஸ்மிட்டரிலும் சார்ஜரிலும் செய்யுங்கள். விமானம் உடையும், அவை இரண்டும் அடுத்த ஐந்தாறு விமானங்களுக்கும் வரும்.

ட்ரான்ஸ்மிட்டரில் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, மோட். மோட் 2 என்றால் த்ராட்டில் (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) இடது கையில், மோட் 1 என்றால் வலது கையில். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் எதில் பறக்கிறாரோ அதையே வாங்குங்கள். இரண்டாவது, எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் ட்ரான்ஸ்மிட்டர் பொதுவாக இன்னொன்றின் ரிசீவரோடு பேசாது. ஸ்பெக்ட்ரம், ஃபுட்டாபா, ஃப்ளைஸ்கை ஒவ்வொன்றுக்கும் தனி மொழி. எண்ணைக் கண்டு ஏமாறாமல் நெறிமுறையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

விமானம் தயாரான பிறகு பதிவைப் பற்றி யோசித்தால் அது மேசையில் சும்மா கிடக்கும். பல நாடுகளில் 250 கிராம் ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேல் எடை இருந்தால் பறப்பவரோ விமானமோ பதிவாகியிருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள பயிற்சி விமானம் பேட்டரியோடு அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: பதிவு, தேர்வு உண்டா, உயர வரம்பு (பல இடங்களில் 120 மீட்டர்), விமான நிலையத்தில் இருந்து விலக வேண்டிய தூரம்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மாடல் விமான கிளப் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பறக்க இடம் கிடைக்கும், பல கிளப்புகளில் உறுப்பினர் கட்டணத்திலேயே மூன்றாம் நபர் காப்பீடும் அடங்கும். கட்டும் முன்பு சேர்ந்தால் இன்னொரு லாபம், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். பதிவு எண் வந்ததும் அதையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி விமானத்தில் ஒட்டுங்கள். வயலில் தொலைந்த விமானம் திரும்பி வருவது அந்தச் சீட்டால்தான்.

பெட்டியில் வரும் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஈர்ப்பு மையம் எங்கே, இறக்கையிலும் வாலிலும் ஒவ்வொரு பரப்பும் எத்தனை மில்லிமீட்டர் அசைய வேண்டும் என்ற இரண்டு கணக்கும் அதில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தொலைபேசியில் வையுங்கள்.

3. மேசை, பசை, நேரம்

ஃபோம் விமானம் என்றால் நிதானமாக ஒரு மாலை போதும். பால்சா (லேசான மரம்) ஏ.ஆர்.எஃப். என்றால் ஒரு வாரத்தின் மாலைகளை ஒதுக்குங்கள். கை வேலையை விட எபாக்சி (இரண்டைக் கலந்து ஒட்டும் பசை) காய்வதற்குக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். "நாளைக் காலை பறக்கணும்" என்று இரவு பதினொரு மணிக்கு ஒட்டாதீர்கள்.

பசையில் ஒரு பொறி உண்டு. தெர்மாகோல் போன்ற வெள்ளை ஃபோமில் சாதாரண சூப்பர் க்ளூவை விட்டால் ஃபோம் கண் முன்னாலேயே கரைந்து குழியாகும். இ.பி.ஓ. என்ற இன்னொரு வகை ஃபோம் அதைத் தாங்கும். எது என்று தெரியாவிட்டால் இறக்கையின் உள்பக்கம் ஒரு மூலையில் சொட்டு விட்டுப் பாருங்கள், அல்லது ஃபோமுக்கென்று விற்கும் பசையையே வாங்குங்கள். ஐந்து நிமிட எபாக்சியில் நேராக்கிப் பிடிக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம்தான். வாலை ஒட்ட முப்பது நிமிட வகையை எடுங்கள்.

4. இறக்கையும் வாலும்

ஒட்டும் முன் பசை இல்லாமல் எல்லாவற்றையும் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். ஃபோம் விமானத்தில் ஏலரான் (இறக்கையின் பின் விளிம்பில்), எலிவேட்டர் (கிடை வாலில்), ரடர் (நிமிர்ந்த வாலில்) மூன்றும் மெல்லிய ஃபோம் கீலில் தொங்கும். புதிதாக வரும்போது அது விறைப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் இருபது முறை மேலும் கீழும் மெதுவாக மடக்கித் தளர்த்துங்கள். செய்யாவிட்டால் சர்வோ அதை எதிர்த்துத் திணறும்.

பால்சா என்றால் வாலை உடலில் ஒட்டும் இடத்தில் மேலே போர்த்திய ஃபில்மை உரித்தாக வேண்டும். ஃபில்மின் மேல் எபாக்சி பிடிக்காது. கத்தியை அழுத்திக் கீறி ஃபில்மோடு மரத்தையும் கீறிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. அந்தக் கீறல் இருக்கும் இடத்திலேயே வால் பறக்கும்போது முறியும். சூடான சால்டரிங் அயர்னின் முனையால் கோட்டைத் தடவினால் ஃபில்ம் மட்டும் உருகிப் பிரியும்.

நேராக இருக்கிறதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். நூலோ அளவு நாடாவோ எடுத்து, வலது இறக்கை நுனியில் இருந்து வாலின் வலது நுனி வரை அளந்து பாருங்கள், இடது பக்கமும் அதே போல. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அப்புறம் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள்: வாலும் இறக்கையும் இணையாகத் தெரிய வேண்டும். இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டும் வகை என்றால் கடைசி இரண்டைக் குறுக்கே போடுங்கள், மற்றவை நழுவாது.

5. மோட்டாரை நிமிர்த்தாதீர்கள்

என் இரண்டாவது விமானத்தில் மோட்டார் கொஞ்சம் கீழ் நோக்கியும் வலப்பக்கமாகவும் சாய்ந்திருந்தது. தொழிற்சாலைத் தப்பு என்று நினைத்து வாஷர் வைத்து நேராக்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை த்ராட்டில் கொடுக்கும்போதும் விமானம் மூக்கைத் தூக்கி இடப்பக்கம் இழுத்தது. அந்த இரண்டு மூன்று டிகிரிச் சாய்வு வேண்டுமென்றே வைப்பது. ப்ரொப்பல்லர் சுழல்வதால் வரும் இடப்பக்க இழுவையையும், வேகம் கூடும்போது மூக்கு எழுவதையும் சமாளிக்கத்தான். தொடாதீர்கள்.

மோட்டாரில் இருந்து, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.க்குப் போகும் கம்பிகள் மூன்று. மோட்டார் எதிர்த் திசையில் சுற்றினால் அவற்றில் எந்த இரண்டையாவது மாற்றி மாட்டுங்கள், போதும். பேட்டரிப் பக்கத்து இரண்டு கம்பிகளில் இந்த விளையாட்டு கூடாது. சிவப்பும் கறுப்பும் மாறினால் ஈ.எஸ்.சி. அந்த நொடியிலேயே போய்விடும்.

ப்ரொப்பல்லரை இப்போது மாட்டவே வேண்டாம். அது கடைசி வேலை. மாட்டும்போது எண்கள் அச்சிட்ட பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். 9×6 என்றால் 9 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). பெரியது போட்டால் நன்றாக இழுக்கும் என்று மாற்றினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈ.எஸ்.சி. சூடாகும்; கையேடு சொல்லும் அளவையே போடுங்கள்.

6. சர்வோவும் கம்பியும்

முதலில் மின்சாரம், பிறகு சர்வோவின் கை (அதன் அச்சில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் துண்டு). அதாவது ட்ரான்ஸ்மிட்டரில் எல்லா ட்ரிம்மையும் (ஸ்டிக் பக்கத்தில் உள்ள நுண் திருத்தப் பொத்தான்கள்) நடுவில் வைத்து, ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து (அதை இணைப்பது 7இல்), சர்வோ நடு நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் அதன் கையை, பரப்பைத் தள்ளும் கம்பிக்குச் செங்குத்தாக மாட்ட வேண்டும். கையை மாட்டிவிட்டுப் பின்னால் நடுவைத் தேடினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசையும். சர்வோ அச்சின் பல்லில் சரியாக உட்காராவிட்டால் கையைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், ஏதாவது ஒரு பக்கம் பொருந்தும். மிச்சத்தை கிளெவிஸை (கம்பி நுனியில் உள்ள கிளிப்) திருகிச் சரிசெய்யுங்கள். ட்ரான்ஸ்மிட்டரின் மெனுவில் நடுவை நகர்த்தும் சப்-ட்ரிம் கடைசிக் கைமருந்து.

சர்வோக் கையில் உள் துளை, பரப்பில் உள்ள ஹார்னில் (கம்பியை மாட்டும் சின்னக் கொம்பு) வெளித் துளை. இப்படி மாட்டினால் அசைவு குறையும், விமானம் சாதுவாக இருக்கும்.

கையைப் பிடிக்கும் அந்தக் குட்டி நடு ஸ்க்ரூ! நான் கட்டிய மூன்றாவது விமானத்தை மைதானத்தில் ஒரு பெரியவர் கையில் எடுத்து எலிவேட்டரை லேசாக ஆட்டினார். சர்வோக் கை கழன்று அவர் விரலோடு வந்தது. சரிசெய்யும்போது கழற்றிய ஸ்க்ரூவை நான் திரும்பப் போடவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை நீட்டினார். கிளெவிஸ் ஒவ்வொன்றிலும் சின்ன சிலிகான் வளையத்தை ஏற்றிவிடுங்கள், அது திறந்துகொள்ளாது.

7. ரிசீவர்

எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்பது எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஸ்பெக்ட்ரம் வகையில் வரிசை த்ராட்டில், ஏலரான், எலிவேட்டர், ரடர். ஃபுட்டாபா வகையில் ஏலரான், எலிவேட்டர், த்ராட்டில், ரடர். மாற்றிச் செருகினால் ஏலரானை அசைக்கும்போது மோட்டார் உறுமும். ப்ரொப்பல்லரைக் கடைசியில் மாட்டச் சொன்னது இதற்காகவும்தான்.

பயிற்சி விமானங்களில் ரிசீவருக்கான மின்சாரம் பொதுவாக ஈ.எஸ்.சி.யில் இருந்து த்ராட்டில் கம்பி வழியாகவே வரும். பாதுகாப்புக்கு என்று அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு "சர்வோ அசையலையே" என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டி ஒட்டுங்கள், கார்பன் குழாயை விட்டு விலக்கி.

ட்ரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஜோடி சேர்த்த (பைண்ட்) பிறகு ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறதா என்பதைச் சோதியுங்கள். த்ராட்டிலை லேசாகக் கொடுத்து ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் அந்த விமானம் இன்னும் பறக்கத் தயாராகவில்லை. மோட்டாரை உடனே நிறுத்த, த்ராட்டில் கட் என்று ஒரு சுவிட்சையும் ஒதுக்குங்கள். எப்போதும் ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், பிறகு விமானத்தின் பேட்டரி. அணைக்கும்போது தலைகீழ்.

8. திசை: வாலுக்குப் பின்னால் நின்று பாருங்கள்

முன்னால் நின்று பார்த்தால் வலம் இடம் குழம்பும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும், இடது கீழே போக வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடர் ஸ்டிக் வலம் என்றால் ரடரின் பின் விளிம்பு வலப்பக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "அசைகிறது, சரி" என்று விட்டுவிடுகிறோம், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதில்லை.

விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஜைரோ உள்ள ரிசீவர் என்றால் இன்னொரு சோதனை பாக்கி. ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தையே கையில் எடுத்து வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாய்த்தால் வலது ஏலரான் கீழே இறங்க வேண்டும், இறக்கையைத் திரும்பத் தூக்குவதற்காக. மூக்கைச் சாய்த்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஸ்டிக் சரியாக இருந்து ஜைரோ மட்டும் எதிராக இருந்தால், விமானம் கிளம்பிய உடனே தானாகவே புரளும். உங்கள் கை எவ்வளவு வேகமானாலும் பிடிக்க முடியாது.

அசைவின் அளவைக் கையேட்டின்படி ஸ்கேல் வைத்து அளந்து, சிறிய அளவை ஒரு சுவிட்சில் வையுங்கள். ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் 30 சதவீத எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு). புதியவர் கைக்கு அது நன்றாக ஒத்துப்போகும்.

9. எடைச் சமன்

மற்ற எதிலும் சுமாராக இருந்து தப்பிக்கலாம், இதில் முடியாது. ப்ரொப்பல்லர், பேட்டரி, மூடி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கையேட்டில் ஒரு தூரம் கொடுத்திருப்பார்கள். இறக்கையின் முன் விளிம்பில் இருந்து அளந்து, இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் சின்ன டேப் ஒட்டிக் குறியுங்கள். கையேடு கிடைக்காவிட்டால் இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் என்று வைத்து, 25 பக்கமாகத் தொடங்குங்கள். அந்தக் குறிகளில் விரல் நுனி வைத்து விமானத்தைத் தூக்கினால் அது சமமாகவோ மூக்கு ஒரு இழை தாழ்ந்தோ நிற்க வேண்டும்.

மூக்கு கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், வேகமாக இறங்கும், ஆனாலும் உங்கள் பேச்சைக் கேட்கும். வால் கனத்தது கேட்காது. என் பதினோரு விநாடி அப்படித்தான் போனது.

சரியாக வராவிட்டால் முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் மூக்கின் நுனியில் ஈயம் ஒட்டுங்கள். வால் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடிய 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 20, 30 கிராம் வரை தேவைப்படும். வாலில் பசையைக் கொட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சமன் வந்ததும் பேட்டரியின் முன் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே உடலுக்குள் மார்க்கரால் தடித்த கோடு போடுங்கள். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு மேலே பட்டையும் கட்டுங்கள். இரண்டாவது பேட்டரி வேறு எடை என்றால் அதற்கு வேறு கோடு, வேறு நிறத்தில்.

10. பேட்டரி

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் முழுதாக 4.2 வோல்ட், பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது 3.8 வோல்ட். மூன்று செல் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 காட்டும். சார்ஜ் வேகம் 1 சி, அதாவது கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர்: 2200 மில்லி ஆம்பியர்-ஹவர் என்றால் 2.2 ஆம்பியர். சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும், இரண்டு பேட்டரிக்கு இரண்டு மணி நேரம். மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இதைக் கணக்கில் வையுங்கள். செல்களைச் சமமாக வைக்கும் பேலன்ஸ் கம்பியையும் மாட்டாமல் சார்ஜ் செய்யாதீர்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல், கட்டிலின் மேல், தூங்கும்போது, இதெல்லாம் கூடவே கூடாது. உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கலாமே என்று நினைக்க வேண்டாம்.

11. மைதானத்தில்

கட்டும் நாட்களிலேயே சிமுலேட்டரில் பழகியிருங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது வலம் இடம் மாறித் தெரியும். அதை உண்மை விமானத்தில் கற்பது செலவு பிடிக்கும்.

போனதும் ரேஞ்ச் சோதனை. ட்ரான்ஸ்மிட்டரில் அதற்கான குறைந்த சக்தி நிலை இருக்கும். அதைப் போட்டு முப்பது தப்படி தள்ளிப் போய் எல்லாப் பரப்புகளும் தடங்கல் இல்லாமல் அசைகின்றனவா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் திசைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பேட்டரி கோட்டில் இருக்கிறதா? பேட்டரி செருகிய நொடி முதல் கை ப்ரொப்பல்லருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. மரங்களில் சின்னக் கிளைகளும் அசையும் அளவுக்குக் காற்று அடித்தால் அன்று வேடிக்கை மட்டும் பாருங்கள்.

எதிர்க்காற்றில் கிளப்புங்கள். முதல் தடவை அனுபவம் உள்ளவரிடம் ட்ரான்ஸ்மிட்டரைக் கொடுப்பதில் வெட்கமே இல்லை. அவர் ட்ரிம் செய்து நேராகப் பறக்க விட்டதும் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். டைமரை நான்கு நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கியதும் செல் வோல்ட்டைப் பாருங்கள். 3.8க்கு மேல் இருந்தால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டலாம், 3.7க்குக் கீழே போயிருந்தால் குறையுங்கள்.

வீடு திரும்பியதும் ட்ரிம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்து, அந்த அளவுக்கு கிளெவிஸைத் திருகி ட்ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் ஸ்க்ரூக்களை ஒரு முறை இறுக்குங்கள், முதல் நாள் அவை தளரும். மிச்சமான பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைத்துவிட்டுப் படுங்கள்.